பஞ்சுக்காய் வெடித்த மத்தியானம்

ஜனவரி 9

மருமகளுக்கு,

அன்று வீட்டில் இருந்தவர்கள்: ஜன்னலோர நாற்காலியில் ரேடியோவும் கையுமாக உன் மாமனார். அவருக்கு இடது காது கேட்காது, ஆகையால் பாதி ஆள் என்று வைத்துக்கொள். தரையில் பெரியவள். அவள் மடியில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு சின்னவன். நூல்கண்டு இரவல் கேட்க வந்து மூன்று மணி நேரம் எழுந்திருக்காத பக்கத்து வீட்டுத் தையல்காரி. காலையில் பிள்ளைகளோடு வந்து, காய்ந்த கிளையை வாளியில் நட்டுக் கொடுத்துவிட்டு, கடைக்குப் போய்வருகிறேன் என்று காரை எடுத்துக்கொண்டு போன உன் புருஷன். நான். கடைசியில் நாலேகாலுக்கு, அரை நாள் வேலை முடிந்து பஸ்ஸில் வந்து வாசலில் நின்ற நீ. இவ்வளவு பேர்தான். வேறு யாராவது இருந்ததாகச் சொன்னால் அவர்கள் கனவு கண்டிருக்கிறார்கள்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். என் எழுத்து கோழி கிண்டின மாதிரிதான் இருக்கும், பொறுத்துப் படி. ஆனால் என் ஞாபகத்தை யாரும் குறை சொன்னதில்லை. அன்று உன் காலில் பழுப்பு நிறச் செருப்பு, இடது வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தாய். அதுகூட எனக்குத் தெரியும்.

ஃபோன் செய்தால் நீ எடுப்பதில்லை. அவன் எடுத்து, "எல்லாம் சரியாயிடும் விடும்மா" என்கிறான். அவன் விடச் சொல்லி நான் எதை விட்டிருக்கிறேன்? அதனால்தான் காகிதம்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஆண்டுக் கடைசி விடுமுறைக்குப் பிள்ளைகள் வந்தால் கிளையை அலங்கரிப்பது எங்கள் வீட்டு வழக்கம். கடையில் வாங்கின ஒரு ஜிகினா கூட அதில் ஏறக் கூடாது. மரம் கொடுத்தது, கடல் கொடுத்தது, பழம் கொடுத்தது, அவ்வளவுதான். அன்று காலை ஆறு மணிக்கே ஆரஞ்சுப் பழத்தை வட்ட வட்டமாக நறுக்கி ஓவனில் சின்னச் சூட்டில் வைத்துவிட்டேன். அது ஐந்து மணி நேரம் காய வேண்டும். அவசரப்பட்டால் கருகும். காய்ந்த முதல் வில்லையைப் பெரியவள் கண்ணில் வைத்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். "பாட்டி, தெரு முழுக்க சாயங்காலம் ஆயிடுச்சு" என்றாள். நானும் வைத்துப் பார்த்தேன். ஆமாம், ஆகியிருந்தது.

சின்னவன் கொட்டை ஓட்டில் இலையைப் பாயாகச் செருகிப் படகு செய்தான். பெரியவள் ஐந்து குச்சியை நூலால் கட்டி நட்சத்திரம் செய்தாள். ஒரு கால் தொங்கியது. தையல்காரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது நட்சத்திரமா? உங்க வீட்டுக்காரர் நாற்காலியில உட்கார்ந்திருக்கிற மாதிரியில்ல இருக்கு" என்றாள். உன் மாமனார் அதை மட்டும் எப்படியோ கேட்டுவிட்டார். "என் கால் இதைவிட நேரா இருக்கும்" என்றார்.

தெருமுனை மரத்தடியில் பொறுக்கின பஞ்சுக்காய் பதினொன்று இருந்தது. மூடின காய், மீன் நீளம். கண் வரைந்து மீனாகத் தொங்கவிட வேண்டும் என்பது பெரியவள் யோசனை. ஈரம் உலரட்டும் என்று ஓவனுக்கு மேலே உள்ள பலகையில் வரிசையாக வைத்தேன். மூன்று மணிக்கு முதல் காய் 'டப்' என்றது. சின்னவன் நிமிர்ந்து பார்த்து, "பாட்டி, மீன் தும்முது" என்றான். அப்புறம் ஒவ்வொன்றாக எல்லா மீனும் தும்மியது. அறை வெள்ளையாகிவிட்டது. அறுபத்தெட்டு வயதில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. இனிமேல் பார்க்கவும் மாட்டேன்.

பிறகு நீ வந்தாய். பிள்ளைக்கு மூச்சு அடைத்தது. எதிர்வீட்டுப் பேக்கரிக்காரர் ரொட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். ஏறும்போது தையல்காரி முன்னால் நீ என்னைப் பார்த்துச் சொன்னது இது: "உங்களை நம்பி விட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும். இனிமே என் புள்ளைங்க இந்தப் படி ஏறாது."

தையல்காரி இந்நேரம் தைக்கிற ஒவ்வொரு துணியிலும் அந்த வார்த்தையைச் சேர்த்துத் தைத்திருப்பாள். அதை நான் மறக்கப் போவதில்லை.

சின்னவன் எப்படி இருக்கிறான் என்று ஒரு வரி எழுது. ஒரு வரி போதும். கோபத்தோடு எழுதினாலும் சரி.

உன் மாமியார்

ஜனவரி 22

அத்தைக்கு வணக்கம்.

சின்னவன் நன்றாக இருக்கிறான். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். இப்போது பள்ளிக்கூடம் போகிறான்.

ஒரு வரி போதும் என்றீர்கள். அதோடு நிறுத்தத்தான் நினைத்தேன். இரண்டு நாள் காகிதத்தை மேசையில் வைத்துவிட்டுக் கடைக்குப் போய் வந்தேன். நிறுத்த முடியவில்லை.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். கண்ணாடி அரை நூல் தள்ளி உட்கார்ந்தாலும் போட்டவருக்குத் தலை சுற்றும். ஆகையால் நானும் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

சின்னவனுக்கு இளைப்பு என்று டாக்டர் சொன்னது போன செப்டம்பரில். எதெல்லாம் கிட்டே வரக் கூடாது என்று எழுதியும் கொடுத்தார்: தூசி, இறகு, பஞ்சு, பூஞ்சை. அதை நான் இன்னொரு தாளில் பெரிய எழுத்தாக எழுதி, உங்களுக்குப் படித்துக் காட்டச் சொல்லி இவரிடம் கொடுத்தேன். மாதத்தின் முதல் ஞாயிறு உங்கள் வீட்டுக்கு வருகிறவர் இவர்தானே. அக்டோபரில் வந்துவிட்டுத் திரும்பினவரிடம் கேட்டேன். "சொல்லிட்டேன். அம்மா எல்லாத்தையும் எடுத்து வெச்சுட்டாங்க" என்றார். உங்கள் வீட்டில் வைத்திருக்க நீல நிற இன்ஹேலர் ஒன்றும் கொடுத்தனுப்பினேன். எப்படி உபயோகிப்பது என்று உங்களுக்குக் காட்டிவிட்டதாகவும் சொன்னார்.

ஆக, உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் பதினொரு பஞ்சுக்காயைச் சூட்டில் வைத்தீர்கள்.

உங்கள் கடிதத்தில் எல்லாம் இருக்கிறது. என் செருப்பு வார் கூட இருக்கிறது. விசிறியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. பெரியவள் என்னிடம் சொன்னாள். "பாட்டிதாம்மா ஃபேனைப் போட்டாங்க" என்று.

ஏப்ரல் கடைசியில் அடுத்த விடுமுறை. பிள்ளைகளை அனுப்ப மாட்டேன். அன்று கோபத்தில் சொன்னது, இன்று யோசித்துச் சொல்கிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம்.

பிப்ரவரி 1

மருமகளுக்கு,

உன் காகிதத்தை நாலு தரம் படித்தேன். உன் மாமனாரை விட்டு ஒரு தரம் சத்தமாகவும் படிக்கச் சொன்னேன். பாதியில் அவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "என்ன பார்க்கறீங்க, படிங்க" என்றேன்.

எனக்கு எந்தத் தாளும் வரவில்லை.

அக்டோபர் முதல் ஞாயிறு அவன் வந்தது பத்தரைக்கு. கோடு போட்ட சட்டை. குளியலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினான். இரண்டு தட்டு சாப்பிட்டான். "அவ நல்லா இருக்கா, புள்ளைங்க நல்லா இருக்காங்க" என்றான். நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினான். நாலு பத்துக்குக் கிளம்பினான். இதற்கு மேல் அன்று அவன் வாயிலிருந்து ஒரு சொல் வந்திருந்தால் அதுவும் இங்கே இருக்கும். நீல இன்ஹேலர் என்று நீ எழுதியிருப்பதை நான் கண்ணால் பார்த்ததில்லை. அன்று ரொட்டி வண்டியில் ஏறும்போது நீ உன் கைப்பையிலிருந்து எடுத்தாயே, அதுதான் நான் பார்த்த முதல் தடவை.

இன்னொன்றும் கேள். போன ஜூனில் பிள்ளைகள் பத்து நாள் இங்கே இருந்தார்களே, அப்போது மத்தியானம் சின்னவன் என் பக்கத்தில் படுத்துத் தூங்குகையில் அவன் நெஞ்சில் பூனை கத்தியது. நாலு பிள்ளை பெற்று ஒன்றை வளர்த்தவள் நான், அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா. அழைத்துப் போக வந்தவனிடம் கேட்டேன்.

"ஏண்டா, புள்ளை நெஞ்சு சரியில்லையே. அவளுக்குத் தெரியுமா?"

"வெறும் சளிம்மா."

"சளி இப்படிக் கத்தாது. அவகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு. டாக்டர்கிட்ட காட்டச் சொல்லு."

"சொல்றேன்மா."

இரண்டு வாரம் கழித்து ஃபோனில் கேட்டேன். "காட்டிட்டா, ஒண்ணுமில்லைன்னுட்டாங்க" என்றான். பெற்றவள் காட்டிவிட்டாள், டாக்டர் பார்த்துவிட்டார், பிறகு நான் யார் சந்தேகப்பட? அதை நம்பித்தான் பஞ்சுக்காயை உள்ளே கொண்டுவந்தேன்.

விசிறிக்கு வருகிறேன். எழுதாமல் விட்டது மறதி இல்லை. என் மறதி எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது.

பஞ்சு மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் இரண்டும் மல்லாந்து படுத்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தன. உன் மாமனார் ரேடியோவை அணைத்துவிட்டார். தையல்காரியே வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்றால் நீ நம்ப மாட்டாய். எல்லாம் தரையில் படிந்துவிடப் போகிறதே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. விசிறியைப் போட்டேன். மறுபடி எல்லாம் எழுந்து மேலே போனது. ஆரஞ்சு வில்லைகள் கிளையில் சுற்றின. ஜன்னல் வெளிச்சம் ஒவ்வொரு பஞ்சு நூலிலும் ஏறி உட்கார்ந்தது. அறை தண்ணீருக்குள் இருப்பது போலவும், நாங்கள் எல்லோரும் அடியில் படுத்திருப்பது போலவும் இருந்தது. சின்னவன் கையை நீட்டி, "பாட்டி, இன்னொரு தடவை" என்றான். இன்னொரு தடவை போட்டேன். மறுபடி கேட்டான். மூன்றாவது தடவையும் போட்டேன்.

மூன்று தடவை. பெரியவள் ஒன்று என்று சொல்லியிருந்தால் அது என் மேல் உள்ள பிரியத்தில் சொன்னது.

பிள்ளைகளை அனுப்பாதே என்று சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் தெரிந்து செய்தாள் என்று மட்டும் எழுதாதே. அதை நான் தாங்க மாட்டேன்.

உன் மாமியார்

பிப்ரவரி 18

அத்தைக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று இவர் வேலையிலிருந்து வரும்வரை காத்திருந்தேன். லிஃப்ட் ஒன்று ஏழாவது மாடியில் நின்றுபோய், அதைச் சரிசெய்ய மூன்று மணி நேரம் போராடிவிட்டு வந்திருந்தார். சாப்பிடட்டும் என்று விட்டேன். பிறகு கடிதத்தைக் கையில் கொடுத்தேன்.

படித்து முடித்தார். எழுந்து போய்க் கருவிப் பெட்டியைத் திறந்தார். நான் பெரிய எழுத்தில் எழுதிய அந்தத் தாள் திருப்புளிகளுக்கு அடியில் நாலாக மடிந்து, மசகு எண்ணெய் பட்டு, அப்படியே இருந்தது. நீல இன்ஹேலர் காரில், முன் இருக்கைக்கு எதிரே உள்ள அறையில் இருந்திருக்கிறது. அன்றும் அங்கேதான். நீங்கள் எல்லோரும் அல்லாடியபோது அந்தக் கார் கடைத்தெருவில் நின்றுகொண்டிருந்தது.

"சொல்லிட்டேன்னு சொன்னீங்களே?" என்றேன்.

"சொல்ற மாதிரிதான் போனேன்."

"அப்புறம்?"

"அம்மா உடனே 'அவ புள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்த்தா, இப்படித்தான் ஆகும்'னு ஆரம்பிப்பாங்க. அதை நான் கேட்டுட்டு வந்து, உன்கிட்ட மறைக்கணும். நீ என் மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிச்சுடுவ. எதுக்கு வம்புன்னு... அடுத்த மாசம் சொல்லிக்கலாம்னு விட்டேன்."

"ஜூன்ல அத்தை சொல்லி அனுப்பினது?"

"அதைச் சொன்னா நீ 'என்னைக் குறை சொல்றாங்க'ன்னு வருத்தப்படுவ."

அவர் பொய் சொல்கிறவர் மாதிரி பேசவில்லை அத்தை. வீட்டுக்கு நல்லது செய்த ஆள் மாதிரிதான் பேசினார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. சின்னவனின் நெஞ்சுச் சத்தத்தை நான் செப்டம்பரில்தான் கேட்டேன். நீங்கள் ஜூனில் கேட்டிருக்கிறீர்கள். மூன்று மாதம்.

தெரிந்து செய்தீர்கள் என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

எனக்கும் எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அன்று நான் வாசலுக்கு வந்தது நாலேகாலுக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். சரிதான். ஆனால் நான் உள்ளே வந்தது எப்போது என்று நீங்கள் பார்க்கவில்லை. என் முதுகுப் பக்கம் வெயில். உள்ளே பஞ்சு சுழன்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு வில்லையும் விளக்கு மாதிரி எரிந்தது. மாமா கையை நீட்டி, உள்ளங்கையில் ஒன்று வந்து உட்காரக் காத்துக்கொண்டிருந்தார். சின்னவன் தரையில் கை விரித்துக் கிடந்தான். தலைமுடி, புருவம் எல்லாம் வெள்ளை. தூங்குகிறான் என்று நினைத்தேன். எவ்வளவு அழகாக இருக்கிறது என்று நினைத்தேன். கூப்பிட்டால் கலைந்துவிடும் என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தேன்.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அவன் உதட்டு நிறம் கண்ணில் பட்ட பிறகுதான் ஓடி வந்தேன். பொருளைப் பார்த்தவுடன் குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அன்று எனக்குத் தெரியவில்லை.

ரொட்டி வண்டியில் ஏறும்போது உங்களைச் சொன்னேனே, பாதி என்னைச் சொல்லிக்கொண்டதுதான்.

மருமகள்

மார்ச் 3

அம்மாடி,

பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்க்கிறாள் என்று நான் சொல்லியிருப்பேன். அவன் சொன்னதில் அது ஒன்று உண்மை. சொல்லியிருப்பேன், அரை மணி நேரம் சொல்லியிருப்பேன். பிறகு எழுந்து போய் இறகுத் தலையணையை எல்லாம் பரண்மேல் ஏற்றியிருப்பேன். என் வாய்க்குப் பின்னால் என் கை என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரியாதா? நாற்பது வருடம் அந்தக் கை போட்டதைத் தின்றவன்தானே.

வீட்டில் பஞ்சு இன்னும் தீரவில்லை. நேற்று உன் மாமனாரின் கண்ணாடிக் கூட்டிலிருந்து ஒன்று எழுந்து, இரண்டு பேருக்கும் நடுவில் மிதந்து, எங்கே போவது என்று யோசித்து, வெளியே போனது. நாங்கள் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு அது போகிறவரை பார்த்தோம். அலங்காரக் கிளையை நான் பிரிக்கவில்லை. காலையில் எழுந்து வரும்போது ஒரு வினாடி, பிள்ளைகள் உள்ளேதான் எங்கோ ஒளிந்துகொண்டிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. படகு ஒன்று தானாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். ஒன்பது வருடமாக என் நெஞ்சில் முள் மாதிரி நிற்கிறது. உன் காகிதம் வராமல் இருந்தால் சாகும்வரை கேட்டிருக்க மாட்டேன்.

பெரியவள் பிறக்க இருபது நாள் இருந்தது. உனக்கு அம்மா இல்லை. நான் வந்து இரண்டு மாதம் கூட இருக்கிறேன், அவளைக் கேட்டுச் சொல் என்று அவனிடம் சொல்லி அனுப்பினேன். பையைக் கட்டிவிட்டேன். நாலு புடவை, உனக்கு இரண்டு தளர்வான உடுப்பு, பிள்ளைக்கு அறுபத்து நாலு துண்டு ஒட்டுப் போட்டுத் தைத்த போர்வை. மூன்றாம் நாள் அவன் ஃபோன் செய்தான்.

"வேண்டாம்னுட்டாம்மா. அவளுக்கு வீட்ல வேற ஆள் இருந்தா ஒத்துக்காதாம்."

வேற ஆள். அந்தச் சொல்லை நான் எங்கே வைத்தேன் என்று நினைக்கிறாய்? பையை அவிழ்க்காமல் பதினைந்து நாள் கட்டிலடியில் வைத்திருந்தேன், மனசு மாறிக் கூப்பிடுவாய் என்று. பிறகு போர்வையை மட்டும் அவனிடம் கொடுத்தனுப்பினேன். அதற்கும் உன்னிடமிருந்து நல்லது கெட்டது ஒன்றும் வரவில்லை. அன்றிலிருந்து உன் வீட்டில் நான் ஓர் இரவு தங்கினது இல்லை. வருவேன், உட்காருவேன், கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் கிளம்பிவிடுவேன். நீ கவனித்திருப்பாய்.

நீ சொன்னாயா அதை? சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. சின்னப் பெண், முதல் பிரசவம். ஆனால் எனக்குத் தெரிய வேண்டும்.

உன் அத்தை

மார்ச் 17

அன்புள்ள அத்தைக்கு,

இல்லை. நான் சொல்லவில்லை.

நீங்கள் வருவதாக இவர் சொன்ன அன்று மத்தியானமே விரிப்புகளைத் துவைத்துப் போட்டேன். நீங்கள் வலது பக்கம் ஒருக்களித்துப் படுப்பீர்கள், முட்டி இடிக்கும் என்று கட்டிலைச் சுவரிலிருந்து இரண்டு சாண் தள்ளிப் போடச் சொன்னேன். இவர்தான் தள்ளிப் போட்டார். மூன்றாம் நாள் வந்து, "அம்மாவுக்கு முட்டி வலி ஜாஸ்தியாம். வர முடியாதாம். சொல்லச் சொன்னாங்க" என்றார்.

முட்டி வலி என்றால் இரண்டு மாதம் கழித்தாவது வந்திருக்கலாமே என்று நினைத்தேன். என் அம்மாவாக இருந்தால் தவழ்ந்தாவது வந்திருப்பாள் என்று நினைத்தேன். அதைத்தான் நான் ஒன்பது வருடம் வைத்திருந்தேன்.

பெரியவள் பிறந்து பன்னிரண்டாம் நாள் இவர் வேலைக்குப் போய்விட்டார். பிள்ளை அழுகிறது, நானும் அழுகிறேன். எதற்கென்று இரண்டு பேருக்கும் தெரியாது. அந்தப் போர்வையில் சுற்றினால்தான் அவள் நிறுத்துவாள். ஒரு மூலையில் பச்சைப் பூப்போட்ட துண்டு ஒன்று இருக்குமே, அதைத்தான் வாயில் வைத்துக்கொள்வாள். இதை உங்களிடம் சொல்லச் சொன்னேன் அத்தை. இவர் வந்து, "சொன்னேன், அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம்" என்றார்.

கேட்டேன். அன்று ஏன் அப்படி மாற்றிச் சொன்னீர்கள் என்று இவரிடம்தான், இந்த முறை குரலை உயர்த்தாமல். "ரெண்டு பேரும் ஒரே வீட்ல ரெண்டு மாசம் இருந்தா, யாராவது ஒருத்தர் அழுதுக்கிட்டே கிளம்புவீங்கன்னு பயந்தேன்" என்றார். கிளம்பாமலேயே இரண்டு பேரும் அழுதோம் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

நேற்று கடையில் ஒரு கண்ணாடியைத் துடைத்து விளக்கில் பிடித்தேன். நடுவில் ஒரு பஞ்சு நூல். என் பையிலிருந்து வந்திருக்க வேண்டும். ஊதவில்லை. கொஞ்ச நேரம் அதன் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாடிக்கையாளர், "ஏதாவது கீறலா?" என்றார். இல்லை என்றேன்.

சின்னவன் தரையில் மல்லாந்து படுத்து, "அம்மா, ஃபேன்" என்கிறான். போட்டால், "இதுல ஒண்ணும் வரல" என்கிறான். பெரியவள் பூங்காவிலிருந்து குச்சிகளைப் பொறுக்கிவந்து அலமாரியில் ஒளித்து வைத்திருக்கிறாள். கேட்டால், "சும்மா" என்கிறாள்.

விடுமுறைக்கு அனுப்பவா வேண்டாமா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. கோபம் வேறு, பயம் வேறு. கோபம் போய்விட்டது. அந்த வீட்டு வாசலை நினைத்தால் பயம் மட்டும் இருக்கிறது. உங்களை ஏமாற்ற விரும்பவில்லை, அதனால்தான் இதையும் எழுதுகிறேன்.

உங்கள் மருமகள்

ஏப்ரல் 2

அம்மாடி,

பிள்ளைகளை அனுப்பாதே.

இங்கே எத்தனை தரம் பெருக்கினாலும் ஏதாவது ஒரு மூலையிலிருந்து பஞ்சு ஒன்று எழுந்து வருகிறது. நீ பயப்படுவது சரி. பிள்ளைக்கு மூச்சு அடைத்ததைக் கண்ணால் பார்த்த பிறகு பயப்படாத தாய் என்ன தாய். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

நான் வருகிறேன். ஏப்ரல் இருபத்தைந்து, சனிக்கிழமை, காலை ஏழு மணி பஸ். உன் ஊருக்குப் பத்து நாற்பதுக்கு வரும். இரண்டு வாரம் இருப்பேன். உன் மாமனாருக்குத் தையல்காரி வீட்டில் சாப்பாடு சொல்லியிருக்கிறேன். "அவ பேசிப் பேசியே என்னைக் கொன்னுடுவா" என்றார். இடது காதைக் காட்டி உட்காருங்கள் என்றேன்.

ஒரு வாளியும் காய்ந்த கிளையும் மட்டும் நீ ஏற்பாடு செய். கிளையைத் தண்ணீர் விட்டுக் கழுவி, வெயிலில் இரண்டு நாள் போடு. பட்டைக்குள் பூஞ்சை இருக்கக் கூடாது. மற்றதை நான் கொண்டுவருகிறேன்: கிளிஞ்சல், துளை விழுந்த கூழாங்கல், வாதுமை ஓடு, தைலமரத்துக் காய். எல்லாவற்றையும் கொதிக்கிற நீரில் போட்டு எடுத்து, வெள்ளைத் துணியில் காயவைத்து, துணியை உதறிப் பார்த்துவிட்டேன். ஒன்றும் பறக்கவில்லை. ஆரஞ்சை அங்கே வந்து நறுக்குகிறேன். பெரியவள் ஒளித்து வைத்திருக்கும் குச்சிகளைப் பற்றி எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே. அவளே எடுத்து வரட்டும்.

பேக்கரிக்காரர் மகள் நர்ஸ் வேலை பார்க்கிறாள். அவளிடம் இன்ஹேலர் போடுவது எப்படி என்று கற்றுக்கொண்டேன். முதலில் குலுக்க வேண்டும், மூச்சை வெளியே விட வேண்டும், வாயில் வைத்து அழுத்தும்போதே இழுக்க வேண்டும், பத்து எண்ணும்வரை அடக்க வேண்டும். நான் பன்னிரண்டு வரை எண்ணினேன். "பாட்டி, இதுல போட்டி எல்லாம் கிடையாது" என்றாள். வந்து உன் எதிரில் செய்து காட்டுகிறேன். தப்பு இருந்தால் சொல்.

என்னை வேண்டாம் என்றால், 'வராதீங்க' என்று ஒரு வரி எழுதிப் போடு. உன் கையால் எழுது. எனக்குக் கோபம் வராது. வந்தாலும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் வரும். அவனிடம் மட்டும் சொல்லி அனுப்பாதே.

இத்தனை வருடம் யார் யார் மேல் எனக்கு என்ன என்ன இருக்கிறது என்று நேற்று உட்கார்ந்து நினைத்துப் பார்த்தேன். தையல்காரியை விட்டுவிட்டேன். அவள் கேட்டதைத்தானே சொன்னாள். உன் மாமனார் அன்று பிள்ளை கிடந்ததைக் கவனிக்காமல் பஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார், அவரையும் விட்டேன். நானும் அதைத்தானே செய்தேன். நீ அன்று சொன்ன வார்த்தையை மறக்கமாட்டேன் என்று எழுதினேனே, அது இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் குத்தவில்லை. பழைய பல் மாதிரி சும்மா இருக்கிறது. மூன்று தடவை விசிறியைப் போட்டவளை மட்டும் இன்னும் முழுசாக விட முடியவில்லை. பாதி விட்டிருக்கிறேன்.

ஆனால் ஒருவன் இருக்கிறான். ஆட்களைக் கீழேயிருந்து மேலேயும் மேலேயிருந்து கீழேயும் கொண்டுபோய்ச் சேர்க்கிற யந்திரத்தை ரிப்பேர் செய்வதுதான் அவன் பிழைப்பு. இரண்டு பொம்பளைகளுக்கு நடுவில் ஒரு வார்த்தையை அவனால் கொண்டுபோய்ச் சேர்க்க முடியவில்லை. அவன் பொய் சொன்னதற்காக இல்லை. பயந்ததற்காகவும் இல்லை. பிள்ளை பெற்றுத் தனியாக அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணை, எனக்காகக் கட்டிலைத் தள்ளிப் போட்டு வைத்த பெண்ணை, ஒன்பது வருடம் நான் வெறுக்கும்படி வைத்தானே, அதற்காக.

சனிக்கிழமை அவனையும் வீட்டில் இருக்கச் சொல். பஸ் நிலையத்துக்கு வந்து என் பையைத் தூக்கட்டும். தூரத்தில் இருக்கிறவனை மன்னிக்காமல் இருப்பதில் என்ன இருக்கிறது, எதிரில் உட்கார வைத்துச் சோறு போட்டுக்கொண்டே மன்னிக்காமல் இருக்க வேண்டும். மற்ற எல்லோரையும் நான் விட்டுவிடுவேன் அம்மாடி. உன் புருஷனை, நான் பெற்ற நாலில் எனக்குத் தங்கின ஒரே ஒருவனை, என் மகனை, மன்னிக்க மாட்டேன்.